கன்னையாவின் சாவுக்கு வந்தவர்கள்

கன்னையா என்ற பெயரைத் தேவசேனா முதன்முதலில் கேட்டது ஒரு வசவின் நடுவில். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. குடிபாலாவில் அவள் நைனா, அதாவது அப்பா, கங்கையா, புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி ஆரம்பித்தார்.

"தாலி கட்டற நேரத்துல தவுலு தோலு டப்புனு பூட்ச்சிம்மா. கெட்டிமேளம் கெட்டிமேளம்னு அய்யரு கத்தறாரு, மேளக்காரன் தொடையத் தட்டிகினு குந்திகினு கீறான். எவண்டா தோலு போட்டவன்னு கேட்டா, நகரி கன்னையாவாம். அவன் கைய ஒடைக்கணும்."

மூன்று மாதம் கழித்து அந்தக் கன்னையாவுக்கே பெண் கேட்டு வந்தார்கள். வந்தது அவன் அக்கா கமலம்மாவும் அவள் வீட்டுக்காரர் அப்பாவுவும். கமலம்மாவைப் பாலசமுத்திரத்தில் கொடுத்திருந்தது. அப்பாவுவின் பெரியப்பா மகளைக் குடிபாலாவில் கொடுத்திருந்தது. அந்தப் பெரியப்பா மகள் தேவசேனாவின் அம்மாவோடு தினமும் தண்ணீருக்குப் போகிறவள். இப்படித்தான் வந்தது அந்தச் சம்பந்தம். பையன் பெயரைக் கேட்டதும் கங்கையா வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கன்னையாவா?" என்றார். அந்தக் கன்னையாதான் என்றார் அப்பாவு. கங்கையா கொஞ்ச நேரம் யோசித்தார். இத்தனை ஊரில் திட்டு வாங்குகிறவனுக்கு இத்தனை ஊரிலும் வேலை இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

அவர் கணக்கு தப்பவில்லை. நகரியில் பிள்ளையார் கோயில் தெருவில், வீட்டுக்குப் பக்கத்து ஓலைக் கொட்டகையில், முப்பது வருஷம் கன்னையா தவில் செய்தான். திருப்பதி, வேலூர், திருத்தணி என்று எல்லா ஊர் மேளக்காரர்களும் அவனிடம் வந்தார்கள். பலாக்கட்டையைக் குடைந்து புதுத் தவில் செய்வதும் உண்டு, பழைய தவிலுக்குத் தோல் மாற்றுவதும் உண்டு. தெருவில் மற்ற எல்லார் வீட்டிலும் விசைத்தறி. எதிர்வீட்டுக் கோவர்த்தனனுக்கு மட்டும் எட்டுத் தறி. தோல் நாறுகிறது என்று அவர் முனிசிபாலிட்டியில் இரண்டு தடவை மனுக் கொடுத்திருந்தார். தவில் சத்தம் தாங்க முடியவில்லை என்று அந்த மனுவில் ஒரு வரி உண்டு. எட்டுத் தறி ஓடுகிற வீட்டில் உட்கார்ந்துதான் அதை எழுதினார்.

போன வருஷம் ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொட்டகை எரிந்துபோனது. பசை காய்ச்சுகிற அடுப்பை அணைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனேன் என்று கன்னையா சொன்னான். கொட்டகை வேறு மாதிரி சொன்னது. மரத்தூள், காய்ந்த தோல், ஓலைக் கூரை. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தீயணைப்பு வண்டி வந்து மீதியை நனைத்தது. அதோடு கன்னையாவின் போனும் போனது, உளி போனது, ரம்பம் போனது. தோல் மாற்ற வந்திருந்த தவில் ஒன்றும் போனது.

அந்தத் தவில்தான் விஷயம். அது திருப்பதி மோகன்ராஜுடையது. அவர் நைனா வாசித்தது, நைனாவுக்கும் நைனா வாசித்தது. அந்தக் கட்டைக்கு வயது எண்பதுக்கு மேல். ஆவணி முகூர்த்தத்துக்குத் தோல் மாற்றித் தருகிறேன் என்று கன்னையா வாங்கி வைத்திருந்தான். சாம்பலில் அது பாதிக் கரியாக, நடுவில் பிளந்து கிடந்தது. கன்னையா ஒரு குச்சியால் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குச்சியைப் போட்டுவிட்டான். அதைத் தூக்கிச் சுவரோரம் கோணி போட்டு மூடிவிட்டு வந்தவன், பிறகு கொட்டகைக்குள் கால் வைக்கவே இல்லை.

ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிற மகன் யஸ்வந்த் அன்றைக்கே தேவசேனாவின் போனுக்குக் கூப்பிட்டான். "நைனாவ இங்க வந்துரச் சொல்லும்மா. கேட்டுல செக்யூரிட்டி வேல கீது. யூனிபார்ம் அவங்களே குடுப்பாங்க" என்றான். கன்னையா போனை வாங்கி, "சரி" என்றான். முப்பது வருஷத்தில் ஒரு விஷயத்துக்கு அவன் ஒரே வார்த்தையில் சரி சொன்னதைத் தேவசேனா பார்த்ததில்லை. தோல் மாற்றவா வேண்டாமா என்பதையே அரை நாள் பேசுகிறவன். இந்த மனிதன் இனி உளியைத் தொடமாட்டான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் போனில் சார்ஜ் தீர்ந்துபோனது. சார்ஜ் போடக் கரெண்டு இல்லை. தீப்பிடித்ததுமே லைன்மேன் வந்து தெரு முழுவதற்கும் நிறுத்தியிருந்தார். "இப்புடே ராதண்ணா, ரேப்பு சூத்தாம்" என்று, இப்போது வராது, நாளைக்குப் பார்க்கலாம் எனக் கோவர்த்தனனிடம் தெலுங்கில் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

இங்கேதான் பிசகு நடந்தது. காலையில் ஏழு மணிக்குக் கரெண்டு வந்தது. கோவர்த்தனன் தறியைப் போடப் போனார். எதிரில் கரிந்த கொட்டகை, அதற்கு முன்னால் ஸ்டூல் போட்டுக் கன்னையா. இரண்டு மனுக் கொடுத்தவருக்கு சுவிட்சைத் தட்டக் கை வரவில்லை. கோவர்த்தனன் போடாததைப் பார்த்து அடுத்த வீட்டார் போடவில்லை. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை.

நெசவுத் தெருவில் தறி நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான். சாவு விழுந்தால் பிணம் எடுக்கிற வரைக்கும் தறி ஓடாது. பண்டிகைக்குக்கூட மத்தியானத்துக்கு மேல் ஓட்டுகிறவர்கள் உண்டு. நூல் மூட்டை போட வந்த வண்டிக்காரர் பாலசமுத்திரத்து ஆள். அவர் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி ஊருக்குப் போன் போட்டார். கன்னையா கொட்டகை எரிந்துவிட்டது என்றார். தெருவில் தறி ஓடவில்லை என்றார். இரண்டும் உண்மைதான். மூன்றாவதை உறவுக்காரர்கள் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். கன்னையாவுக்கும் தேவசேனாவுக்கும் மாற்றி மாற்றிப் போன் செய்து பார்த்தார்கள். கரெண்டு வந்தும் தேவசேனாவுக்குச் சார்ஜ் போடுகிற நினைப்பு வரவில்லை; இரண்டு போனும் சுவிட்ச் ஆஃப் என்றதும் அவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

ஒன்பதரைக்கு முதல் வேன் வந்தது. கமலம்மா கதவு திறப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்திருந்தாள். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

"என் கூடப் பொறந்தவனே! அக்கா அக்கான்னு வருவியே, இனிமே யாரு வருவா?"

கன்னையா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்து, "வாக்கா" என்றான்.

கமலம்மா நின்றாள். அவனைப் பார்த்தாள். தேவசேனாவின் நெற்றியைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். பிறகு நேராக வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டாள். டீ கொட்டிவிட்டது.

"உயிரோடதான கீற? ஒரு போனு போட்டா இன்னாடா உனக்கு? பாலசமுத்திரத்துலர்ந்து அழுதுகினே வரேன், தொண்ட கட்டிகிச்சி."

"போனு எரிஞ்சி போச்சிக்கா."

"நீ எரியலியே!"

அவளுக்குப் பின்னால் அப்பாவு மாலையோடு இறங்கினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வேன் கண்ணாடியில் மாட்டிவிட்டார்.

பத்து மணிக்குக் குடிபாலாவிலிருந்து தேவசேனாவின் தம்பி ஹரிபாபு ஒரு மினி லாரி நிறைய ஆட்களோடு வந்தான். பாடைக்குப் பச்சை மூங்கில் இருபது கழி கொண்டுவந்திருந்தான். நகரியில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று. அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையும் கொண்டுவந்திருந்தான். விஷயம் தெரிந்ததும் சேலைப் பையை சீட்டுக்கு அடியில் தள்ளினான். தேவசேனா பார்த்துவிட்டாள்.

"இன்னாடா அது?"

"ஒண்ணும் இல்லக்கா. டிரைவரோட துணி."

"டிரைவரு சேல கட்றானா?"

ஹரிபாபு தலையைக் குனிந்துகொண்டான். அது நல்ல சேலை. ஆடியில் கட்டிக்கொண்டாள்.

பதினோரு மணிக்குத் தெருவில் எழுபது பேர் இருந்தார்கள். அரிசி மூட்டை, தேங்காய், வாழையிலை, பந்தல் போடத் தென்னங்கீற்று என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்திருந்தார்கள். அப்பாவுவின் வேனில் கட்டைகளும் இருந்தன. அவர்கள் வகையறாவில், கூடப் பிறந்தவள் வீட்டிலிருந்து சிதைக்கு ஒரு கட்டையாவது போக வேண்டும். சாவுக்கென்று வீட்டை விட்டுப் புறப்பட்ட சாமானைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. இது எந்த வகையறாவுக்கும் பொது. ஆகவே எல்லாவற்றையும் இங்கேயே தீர்த்தாக வேண்டும். சும்மா நின்றுகொண்டிருந்தவர்களுக்குக் கை பரபரத்தது. அழுவதற்கென்று வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், அழவும் முடியவில்லை.

முதலில் மண்வெட்டியை எடுத்தவர் கோவர்த்தனன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பலை வாரினார். பாதி வெந்த தோல்களைத் தன் கையாலேயே அள்ளிக் குப்பை வண்டியில் போட்டார்.

"நாறுதா அண்ணா?" என்று ஹரிபாபு கேட்டான்.

"நாறாம? இருவது வருஷமா சொல்லிகினு கீறேன், எவன் கேட்டான்? அந்தப் பக்கம் புடி."

பாடைக்கு வந்த மூங்கிலில் கூரைக்குச் சட்டம் கட்டினார்கள். பந்தலுக்கு வந்த கீற்றை மேலே போட்டார்கள். பெண்கள் அரிசியைக் களைந்து, கோவர்த்தனன் வீட்டு வாசலில் சோறு வடித்தார்கள். காரியச் சமையல் மாதிரி ஆகிவிடக் கூடாது என்று கமலம்மா கொஞ்சம் பாயசமும் வைக்கச் சொன்னாள். வெளியூர்க்காரர் ஒருவர், யார் வீட்டு விசேஷம் என்று கேட்டுக்கொண்டே வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கன்னையா மட்டும் எதையும் தொடவில்லை. யாரோ அவனுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக அவன் கையைப் பிடித்து, நல்லவேளை நீ சாகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவனும் ஆமாம் ஆமாம் என்றான். தேவசேனா இலை போடும்போதும் தண்ணீர் ஊற்றும்போதும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் அவன் விரல் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். தொடை, சுவர், சோற்றுத் தட்டு, சின்ன வயதில் யஸ்வந்தின் முதுகு. அன்றைக்கு அந்த விரல்கள் நாற்காலிக் கையில் அப்படியே கிடந்தன. கூரை முடியப் போகிறது, கூரைக்குக் கீழே உட்கார ஆள் ஸ்ரீ சிட்டிக்குப் போகப் போகிறான். அதை எழுபது பேரிடம் அவள் எப்படிச் சொல்வாள்?

இரண்டு மணிக்கு ஒரு கார் வந்தது. நான்கு மேளக்காரர்கள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவர் மோகன்ராஜ். பாடைக்கு முன்னால் வாசித்துக்கொண்டு போகவேண்டும் என்று திருப்பதியிலிருந்து வந்திருந்தார். தோளில் இரவல் தவில். கன்னையாவைப் பார்த்ததும் தவிலை இறக்கி வைத்தார். எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"செத்துப்போயிட்டன்னு சொன்னாங்க."

"இல்லண்ணா."

"தெரிது." மோகன்ராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கார்ல வரச்ச தவுலப் பத்தி நெனப்பே வரல கன்னையா. ஆளே பூட்டான், தவுலு இன்னா தவுலுன்னு வந்துகினு இருந்தேன். இப்ப உயிரோட கீற. கேக்கணும்போல கீது."

கன்னையா எழுந்து போய், சுவரோரம் கோணி போட்டு மூடியிருந்ததை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தான். கோணியை விலக்கினான். மேளக்காரர்கள் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். மோகன்ராஜ் அதைத் தொட்டுப் பார்த்தார். விரலில் கரி ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தார்.

"வேற செஞ்சி குடு" என்றார்.

"கட்ட இல்லண்ணா. வாங்கி வெச்சது எல்லாம் எரிஞ்சி போச்சி. பச்சப் பலாவுல செஞ்சா ஒரு வருஷத்துல வெடிச்சிரும். ஏழெட்டு வருஷம் காஞ்ச கட்ட எங்க கெடைக்கும்? நான் ஸ்ரீ சிட்டிக்குப் போறேன்."

"அங்க கட்ட கீதா?"

"கேட்டு கீது. காவலுக்கு."

கமலம்மாதான் பிடித்துக்கொண்டாள். "காவலா? இவ்வளவு பேரு கூரை போட்டுகினு கீறாங்க, தொர காவலுக்குப் போறாராம்! இதுக்குச் செத்தே போயிருக்கலாம்!" என்று அடுப்படியிலிருந்தே கத்தினாள். பிறகு சத்தத்தைக் குறைக்காமல் புருஷன் பக்கம் திரும்பினாள். "அந்தக் கட்டைங்கள வேன்லர்ந்து எறக்குய்யா. சோத்துக்கு அடுப்பெரிக்கவாவது ஆவட்டும்."

அப்பாவுவும் ஹரிபாபுவும் கட்டைகளை இறக்கினார்கள். எல்லாம் மாங்கட்டை. கடைசியில் ஒன்று மட்டும் குட்டையாக, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்குகிற பருமனில் இருந்தது. அதைக் கீழே போட்டபோது வந்த சத்தத்துக்குக் கன்னையா திரும்பினான். எழுந்து போனான். குனிந்து நடுவிரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினான். இன்னொரு பக்கம் தட்டினான்.

"மாமா, இது பலா."

"பலாதான்" என்றார் அப்பாவு. "பூஜ ரூம்பு கதவுக்குன்னு மாட்டுக் கொட்டாய் பரண்ல போட்டு வெச்சிருந்தேன். எட்டு வருஷம் ஆச்சி. ராத்திரி மழ, கீழ கெடந்ததெல்லாம் நனஞ்சி போச்சி. பரண் இருட்டுல கைக்குக் கெடைச்சத ஏத்திட்டேன்." சொல்லிக்கொண்டு வரும்போதே அவருக்கு வருத்தம் வந்துவிட்டது.

கன்னையா மூன்றாவது தட்டுத் தட்டினான். தேவசேனா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

மோகன்ராஜ் கிட்டே வந்து பார்த்தார். கட்டை அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் பின்வாங்கினார். "கட்ட நல்லா கீது. சாவுக்கு வந்த கட்டையாச்சே. இதுல தவுலு செஞ்சி நான் எப்டி கல்யாணத்துல வாசிப்பேன்?"

எழுபது பேரும் வேலையை நிறுத்திவிட்டு இதைப் பேச ஆரம்பித்தார்கள். சிதைக்கு வந்ததை மங்கள வாத்தியத்துக்கு வைக்கக் கூடாது என்றார்கள் சிலர். சாவே விழவில்லையே, பிறகு எப்படிச் சாவுக் கட்டை என்றார்கள் சிலர். இதைக் கேட்டதும் அப்பாவுவின் முகம் தெளிந்தது.

"அதான் நானும் சொல்றேன். சாவுக் கட்ட இல்லன்னா நான் வூட்டுக்கே எட்த்துகினு போலாம். கதவுக்கு ஆவும்."

பிரச்சினை நன்றாகச் சிக்கிக்கொண்டது. சாவுக் கட்டை என்றால் தவிலுக்கு ஆகாது. சாவுக் கட்டை இல்லை என்றால் அது அப்பாவுவுடையது. கன்னையா அதன் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அரை மணி நேரம் இப்படியே போனது. கையை எடுத்துவிடுவானோ என்று தேவசேனாவுக்குப் பயமாகிவிட்டது. உள்ளே போய், மஞ்சளைக் குழைத்து ஒரு கிண்ணத்திலும் குங்குமத்தை இன்னொன்றிலும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மோகன்ராஜ் அண்ணா, நான் நெத்தியில பொட்டோட நிக்கறேன். எங்க வூட்டுல யாரு செத்தாங்க, சொல்லுங்க."

"யாரும் சாவலம்மா."

"அப்ப இது இங்க சாவுக் கட்ட இல்ல." குனிந்து கட்டைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். பிறகு நிமிர்ந்து கமலம்மாவைப் பார்த்தாள். "அண்ணி, நீங்க இத எங்க போறோம்னு சொல்லி எட்த்துகினு பொறப்பட்டீங்க?"

கமலம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு புரிந்துகொண்டாள். கையிலிருந்த கரண்டியோடு அப்பாவுவிடம் போனாள்.

"எழவு வூட்டுக்குன்னு வாசலத் தாண்டின கட்ட. அது திரும்பி எம் படி ஏறிச்சின்னா நான் அந்த வூட்டுல இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"இப்பதான கமலா சாவு இல்லன்னாங்க?"

"இங்க இல்ல. நம்ப வூட்டுல உண்டு. வாய மூடிகினு பாயசம் துன்னு."

அப்பாவு அவள் கரண்டியைப் பார்த்தார். மஞ்சள் பூசிய கட்டையைப் பார்த்தார். போய்ப் பந்தியில் உட்கார்ந்துகொண்டார். அதற்கு மேல் இதைப் பற்றி யாரும் நியாயம் பேசவில்லை. மோகன்ராஜ் மட்டும், ஆவணி பத்தாம் தேதி முதல் முகூர்த்தம் என்றார். கன்னையா கட்டையை உருட்டி வெட்டு முகத்தைப் பார்த்தபடியே, உளி வேண்டும் என்றான். அது மோகன்ராஜுக்குச் சொன்ன பதிலா, ஹரிபாபுவுக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. ஹரிபாபு வாங்கிவரப் போனான்.

நான்கு மணிக்கு உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். கிளம்பும்போது, வந்தது வீணாகக் கூடாது என்று மோகன்ராஜ் குழு அரை மணி வாசித்தது. அதற்கப்புறம் கோவர்த்தனன் போய்த் தறியைப் போட்டார்.

கூரை கட்டியாயிற்று, ஆனால் தரையும் சுவரும் காய மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை கோவர்த்தனன் தன் தறிக் கூடத்தில் ஒரு மூலையைக் கொடுத்தார். கன்னையா அங்கேயே உட்கார்ந்து கட்டையைக் குடைந்தான். புதுத் தோலும் அங்கேயேதான் காய்ந்தது. புரட்டாசியில் கோவர்த்தனன் மூன்றாவது மனுவைக் கொடுத்தார். இந்தத் தடவை நாற்றத்தைப் பற்றி இன்னும் விவரமாக எழுதியிருந்தார்.

கூரை மூங்கில் பச்சையாக இருந்ததால் இரண்டு கழி வளைந்துவிட்டது. அப்பாவுவின் பூஜை அறைக்குத் தகரக் கதவு போட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம், என் பலாக் கட்டை எங்கே என்று அவர் மச்சானைக் கேட்பார். மோகன்ராஜ் ஆவணியில் ஒன்பது கல்யாணம் வாசித்தார். புதுத் தவில் நைனாவின் தவில் மாதிரி இல்லை, விரலால் வாசிக்கிற வலந்தலை கொஞ்சம் கூர்மையாகப் பேசுகிறது என்று சொல்லி, மாதத்துக்கு ஒரு தடவை சரிபார்க்க எடுத்துக்கொண்டு வருகிறார். கன்னையா அதை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்து, சரியாகத்தானே இருக்கிறது என்கிறான். அதைப் பற்றி இருவரும் அரை நாள் பேசுகிறார்கள்.

யஸ்வந்த் வாங்கி வைத்த யூனிபார்ம் அளவு சரியில்லை என்று கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டான். கன்னையா இப்போது நகரியில், பிள்ளையார் கோயில் தெருவில், வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் இருக்கிறான்.